சலானில் எழுதாத செலவுகள்

 

அவுட்சோர்சிங் என்றதும் கால் சென்டரும் கணினி நிறுவனமும் பலருக்கு நினைவில் எழும். இக்கருத்தரங்கை நான் திருப்பூரிலிருந்து தொடங்க விரும்புகிறேன். ஒரு தொழிலின் ஏறத்தாழ எல்லாக் கட்டங்களையும் வெளியே கொடுத்துச் செய்து, உலகச் சந்தையைப் பிடித்த ஊர் அது.

ஒரு டி-ஷர்ட் போகும் வழியைப் பாருங்கள். ஆர்டர் எடுத்த கம்பெனி நூலை வாங்கி நிட்டிங் யூனிட்டுக்கு அனுப்புகிறது. துணி அங்கிருந்து சாயப்பட்டறைக்கும், பிறகு சுருங்காமல் பதப்படுத்தும் காம்பாக்டிங்குக்கும் போகிறது. வெட்டிய பீஸ்கள் சைஸ் வாரியாகக் கட்டப்பட்டு பிரிண்டிங்குக்கோ எம்பிராய்டரிக்கோ டெம்போ ஏறுகின்றன. தையலையும் பல நேரங்களில் வெளி யூனிட்தான் செய்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு டெலிவரி சலான். அதில் எடை இருக்கும், நிறம் இருக்கும், பீஸ் கணக்கு இருக்கும். தைத்தவருக்குப் பி.எஃப். பிடித்தார்களா, சாயத்தண்ணீர் எங்கே போனது என்பவை இருக்காது. இன்றைய விவாதத்தின் மையம் இந்த விடுபாடுதான் என்று கருதுகிறேன்.

எல்லாவற்றையும் சந்தையில் வாங்க முடியும் என்றால் நிறுவனம் என்ற ஒன்று எதற்கு என்று 1937இல் ஒரு கட்டுரையில் கேட்டார் பொருளியலாளர் ரொனால்டு கோஸ். ஆள் தேடவும் விலை பேசவும் ஒப்பந்தத்தைக் கண்காணிக்கவும் செலவாகிறது. அந்தச் செலவு குறைவாக உள்ள இடத்தில் வேலை வெளியே போகும் என்பது அவர் விளக்கம். ஒரே ஊரில், பழகிய ஆட்களிடம், ஒரு போனில் வேலை பேசி முடிக்கும் திருப்பூருக்கு இது அப்படியே பொருந்தும். அதே கோஸ், ஒருவர் தொழிலால் மற்றவருக்கு நேரும் தீங்கைப் பற்றி 1960இல் இன்னொரு கட்டுரை எழுதினார். நம் மேலாண்மை வகுப்புகள் முதல் கட்டுரையை ஒரு பாடத்திலும் இரண்டாவதை வேறொரு பாடத்திலும் வைக்கின்றன. திருப்பூரைப் புரிந்துகொள்ள இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நொய்யல் ஆறு அதற்குச் சான்று. பாசனத்துக்கென்று அந்த ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியது. அந்தத் தண்ணீரே வேண்டாம் என்று உழவர்கள் போராடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, மலிவாகக் கிடைத்த சாயக்கூலியின் மீதிப் பங்கை அதுவரை ஆறும் வயலும் கட்டிவந்தது ஊருக்கே தெரிந்தது.

உயிரையே விலையாகக் கொடுத்த நிகழ்வும் உண்டு. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தது. தங்கள் துணி அங்கே தைக்கப்பட்டதா என்பதே சில பிராண்டுகளுக்கு உடனடியாகத் தெரியவில்லை.

வேலையை வெளியே கொடுப்பது தவறென்று நான் சொல்ல வரவில்லை. தறியிலும் தையல் மிஷினிலும் நின்ற பலர் முதலாளியானது இந்த முறையால்தான். ஆனால் இதில் கிடைக்கும் லாபம் இரண்டு வகை. ஒரு வேலையையே நாளெல்லாம் செய்பவரின் கைத்திறனால் வருவது ஒன்று. அடுத்தவர் தலையில் செலவைத் தள்ளுவதால் வருவது மற்றொன்று. கணக்கேட்டில் இரண்டும் ஒரே வரியில் விழுகின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவது ஆய்வாளரின் கடமை.

பணம் தருவதிலும் செலவை இப்படித் தள்ளிவிடும் நிலைதான். சிறுதொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். அடுத்த ஆர்டர் போய்விடும் என்று அஞ்சும் யூனிட்காரர் அந்த வட்டியைக் கேட்பாரா? வேலை கொடுத்தவர் பணம் தராமல் தாமதித்த ஒவ்வொரு நாளும், வேலையை ஏற்றவர் கந்துவட்டிக் கடனில் கூலி போடுகிறார்.

ஆகவே ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வினாநிரலை ஏற்றுமதியாளர் அலுவலகத்தில் தொடங்காதீர்கள். சலான் கடைசியாகப் போய்ச் சேரும் யூனிட்டில் தொடங்கி மேலே வாருங்கள். ஏற்றுமதியாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: உங்கள் சலான் கட்டுகளை ஆய்வு மாணவர்களுக்குத் திறந்து காட்டுங்கள். தள்ளிவிட்ட செலவு என்றாவது ஒருநாள் நீதிமன்ற ஆணையாகவோ ரத்தான ஆர்டராகவோ உங்களிடமே திரும்பும். அதை முன்கூட்டியே கணக்கில் ஏற்றுவதே தொழிலுக்கும் நல்லது.

இந்தக் கணக்கை நேர்மையாகப் போட இக்கருத்தரங்கு வழிவகுக்கட்டும் என வாழ்த்தி, அமர்வுகளைத் தொடங்கிவைக்கிறேன்.