நடுங்கும் கையும் கையொப்பமும்



விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து நம்மவருள் முதியோர் பலர், தம் குடியில் முதன்முதல் எழுத்தறிந்து கையொப்பமிட்டவர். ‘கைநாட்டு’ என்னும் ஏளனத்தை நீக்கியவர் அவரே. அத்தகையோர்க்கு நோயினால் கை நடுங்குங்கால் உண்டாகும் துயரைச் சிறிது சிந்திப்போமாக.

நடுக்குவாதத்தை ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் ஆங்கில மருத்துவர் 1817-ஆம் ஆண்டில் விரித்தெழுதினார். இந்நோயுற்றார் எழுத்து வரவரச் சிறுத்து நெருங்கும். அறிவு தெளிவாயிருப்பினும், கையொப்பம் ஒவ்வாமையால் காசோலை பாங்கிலிருந்து திரும்பிவிடும்.

அப்பொழுது சில இல்லங்களில் மகனே தந்தையின் பெயரை எழுதிப் பணம் வாங்கி வருகின்றான். எண்ணம் நன்றேயாயினும் செயல் தகாது. பின்னாளில் உடன்பிறந்தாருக்குள் வழக்கு விளைதற்கும் அதுவே வித்தாகும்.

வழி யாது? கை இன்னும் எழுத வல்லதாயின், இப்பொழுதைய கையொப்பத்தைப் பாங்கில் புதிய மாதிரியாகப் பதிவித்தல் வேண்டும். எழுதவே இயலாதாயின் பெருவிரல் ரேகை போதும். கைவிரல் உதவாதாயின் கால்விரல் ரேகையும், அதுவும் இயலாதாயின் ஒரு குறியும் ஏற்கத்தக்கன என்பது ரிஸர்வ் பாங்கு வகுத்த நெறி. பாங்கு அறிந்த இருவர் சாட்சியாதல் வேண்டும். அவருள் ஒருவர் பொறுப்புள்ள பாங்கு அதிகாரியாயிருத்தல் வேண்டும். நேரில் வர இயலாதவர், தமக்காகப் பணம் பெறுவார் இன்னாரெனக் குறிப்பிடலாம். அவரையும் இரு சாட்சிகள் அடையாளங் காட்டுதல் வேண்டும். அவர் தம் சொந்தக் கையொப்பத்தைப் பாங்குக்கு அளித்தல் வேண்டும். 70 வயது கடந்தோர்க்கும், நாட்பட்ட நோயினர்க்கும் இல்லத்திலேயே பணம் வழங்கும் உதவியை ஏற்படுத்துமாறு 2017-இல் பாங்குகள் பணிக்கப்பெற்றன. இவற்றைக் கேட்டுப் பெறுதல் இரத்தலன்று, உரிமை.

ரேகை வைக்க நாணிப் பாங்குக்குச் செல்லாதிருப்பாரும் உளர். சட்டச் சொற்களுக்குப் பொருள் வகுக்கும் 1897-ஆம் ஆண்டின் சட்டம், எழுத இயலாதவர் இடும் குறியையும் கையொப்பமென்றே கொள்கிறது. சிறுவர்க்குக் கையெழுத்துப் பயிற்றுதலையே தொழிலாகவுடைய யாம் இதனைத் துணிந்து கூறுகின்றோம்: ரேகை இழிவன்று, ஒருவர் பெயரைப் பிறர் எழுதுவதே இழிவு.

இளைஞர்காள்! தந்தையின் பெயரை நீவிர் எழுதற்க. அவரோடு உடன் செல்லுங்கள். மணிலா விற்ற பணமாயினும் ஓய்வூதியமாயினும், அதனை எடுக்கும் விருப்பம் அவர் வாயினின்றே வெளிப்படுக. கை தளர்ந்தாலும் உடையவர் அவரே.