நரியும் வில்நாணும்



சீவக சிந்தாமணியைப் பாடுவதற்கு முன்னர்த் திருத்தக்கதேவர் ஒரு சிறு நூலைப் பாடினார். காப்பியம் பாட விழைந்த அவரிடம், அவ்வழியே ஓடிய நரியைச் சுட்டி, "முதலில் இதனைப் பாடுக" என அவருடைய ஆசிரியர் பணித்தார் என்பது மரபு. அவ்வாறு பிறந்ததே நரிவிருத்தம். எளிய பொருளிலும் வாழ்வின் உண்மையைக் காண வல்லவருக்கே பெரும்படைப்பு கைகூடும் என்று அவ்வாசிரியர் கருதினார் போலும்.

அந்நூலோடு தொடர்புடைய கதை ஒன்று உண்டு. வேடன் ஒருவன் புற்றின்மேல் நின்று யானையை எய்தான். புற்றிலிருந்த பாம்பு அவனைத் தீண்டியது. அவன் பாம்பை வெட்டிவிட்டுத் தானும் மாண்டான், யானையும் வீழ்ந்தது. அங்கு வந்த நரி கணக்குப் போட்டது. யானை பல மாதங்களுக்கு ஆகும். வேடன் சில நாட்களுக்கு ஆவான். பாம்பு ஒரு நாளைக்கு ஆகும். இன்றைக்கு வில்லின் நரம்புநாணே போதும். நாணைக் கடித்தது. வளைந்திருந்த வில் தெறித்துத் தாக்க, நரி உயிர் துறந்தது. மலைபோல் உணவு கிடக்க, அதைச் சேர்த்துவைக்கும் ஆசையே அதனைக் கொன்றது.

திருப்பூருக்கு இக்கதை அயலானதன்று. பஞ்சை நூலாக்கி, நூலைப் பின்னித் துணியாக்கி, துணிக்கு வண்ணமூட்டி உலகை உடுத்தும் படைப்பாற்றல் இவ்வூரின் பெருமை. அவ்வண்ணத்திற்கு உதவிய நீரைத் தூய்மை செய்யும் செலவை மிச்சப்படுத்தக் கருதியபோது நொய்யல் சாயநீர் ஆறாயிற்று. பாசனத்திற்கென எழுந்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. உழவர் நிலம் உவர்ந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது, தொழிலே தடுமாறியது. மிச்சம் பிடிக்கக் கடித்தது வில்நாணையே என்பது அன்று தெளிவாயிற்று.

ஆனால் மனிதன் நரியல்லன், திருந்த வல்லவன். "கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறலாகாது" என்னும் எல்லை விதிக்கப்பட்டபின், சாயநீரிலிருந்தே நன்னீரையும் உப்பையும் மீட்டு மறுபடியும் பயன்படுத்தும் முறை இங்கு வேரூன்றியது. எல்லை படைப்பாற்றலைக் குறைக்கவில்லை. புதிய வழி காணத் தூண்டியது.

இல்லறத்தாருக்குரிய ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று மிகுபொருள் விரும்பாமை. அது பொருளீட்டுவதைத் தடுப்பதன்று. "இவ்வளவு போதும்" என்னும் அளவை, நீதிமன்றமும் இழப்பும் வந்து விதிக்குமுன், ஒருவர் தாமே விதித்துக்கொள்வது. ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது இலாபம் எவ்வளவு என்று பார்ப்பது வணிகர் இயல்பு. அந்த இலாபத்தில் தொழிலாளியின் உறக்கமும் ஆற்றின் தெளிவும் பக்கத்து உழவரின் கிணறும் கலந்துள்ளனவா என்று பார்ப்பது அறவோர் இயல்பு. இரண்டும் ஒரே பேரேட்டில் அமையுமாயின், அதுவே விழாவின் பயன்.

ஜெய் ஜினேந்திரா!