யாழில் அடங்கியமட்டில்

(திருக்குடமுழுக்குப் பெருவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பன்னீராண்டுக்கு ஒருமுறை திருக்கோயிலைப் புதுக்கிக் குடமுழுக்காட்டுதல் நம் முன்னோர் வகுத்த முறை. கல்லாலாய கோயிலுக்கே புதுக்கம் வேண்டுமாயின், எலும்பும் தோலும் கொண்ட இவ்வுடற்கோயிலுக்கு அது வேண்டாவோ? முதுமையில் ஒரு கலையைப் புதிதாகத் தொடங்கிப் பொறுமையோடு பயில்வதும் அத்தகைய புதுக்கமே. அடியேன் பட்டறிந்த சிலவற்றை இவ்வவையில் விண்ணப்பித்துக்கொள்கின்றேன்.

இளமையில் திருமடத்தில் தமிழும் சாத்திரமும் கற்றேன்; பின்னர் ஏறத்தாழ 40 ஆண்டு அவற்றைப் பிறர்க்கு உரைத்தேன். யாழின் வகைகளையும், பண்ணின் திறங்களையும், ஆனாய நாயனார் திருக்கரத்து வேய்ங்குழலின் சிறப்பையும் மேடைதோறும் விரித்துப் பேசினேன். ஆயினும், ஓய்வு பெறுங்காறும் ஒரு நரம்பையேனும் என் விரல் தீண்டியதில்லை. 68ஆம் வயதில்தான் வீணை பயிலப் புகுந்தேன். ஆசிரியையாக வாய்த்த அம்மையார் என் மகளினும் இளையவர்; சிறுமியாய் இருந்தபோது என் பெரியபுராண வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்து கேட்டவர். இப்போது யான் அவர்முன் அமர்ந்தேன்.

வீணை பலாமரத்தாற் செய்யப்படுவது. தண்டின்மீது 24 மெட்டுகள் மெழுகிற் பதிக்கப்பட்டிருக்கும். தந்திகள் ஏழு, அவற்றுள் நான்கு வாசிப்புக்கு உரியன, மூன்று சுருதிக்கும் தாளத்துக்கும் உரியன. இவையெல்லாம் நூலறிவால் முன்னரே அறிந்தவையே. ஆனால் முதற்பாடமாகிய சரளிவரிசையைத் தொடங்கியதும் அவ்வறிவு துணைக்கு வரவில்லை. என்னுடன் பயின்ற எட்டு வயதுச் சிறுமி, ஒருமுறை கேட்டதைத் திரும்ப வாசித்துவிடுவாள். யானோ, “இது மாயாமாளவகௌளை, பதினைந்தாம் மேளம்” என்று இலக்கணம் கூறுவேன், விரல் மெட்டுக்கு அப்பால் விழும். ஒருநாள் அம்மையார் புன்முறுவலோடு, “ஐயா, இராகத்தின் பெயர் வீணைக்குத் தெரியாது. விரலை மெதுவாக வைத்துப் பாருங்கள்” என்றார்.

மெதுவாக வைத்தல் எளிதன்று. முதற்காலம் செம்மையுறுமுன்பே இரண்டாங்காலத்துக்குத் தாவினேன். விரைவிற் செய்த பிழையும் பயிற்சியே ஆதலின், அது விரலிற் படிந்துவிட்டது. அதனைக் கழுவிப் போக்கப் பல திங்கள் சென்றன. ஒருநாள் மூன்று மணி நேரம் வாசித்து ஆறு நாள் சும்மா இருப்பதினும், நாடோறும் அரைமணி நேரம் வாசிப்பதே பயன் தரும் என்பதையும் பட்டே உணர்ந்தேன். தந்தி அறுத்த விரல்நுனியில் எண்ணெய் தடவுவேன். மடக்கிய முழங்கால் நிமிர மறுக்கும். தூணைப் பற்றி எழுவேன்.

மூன்றாம் ஆண்டு நவராத்திரியில், உறவினர் கூடியிருந்த எங்கள் வீட்டுக் கொலுவின்முன், திருப்பிரமபுரத்து முதற்பதிகத்தை வாசிக்கத் துணிந்தேன். இரண்டாம் திருப்பாட்டில் விரல் தடுமாறிற்று. மீண்டும் தொடங்கினேன், மீண்டும் அவ்விடத்தே நின்றது. எவரும் நகைக்கவில்லை. “இந்த வயதில் இவ்வளவு வந்ததே பெரிது” என்றார் ஒருவர். நகைத்திருந்தால் பொறுத்திருப்பேன், அவ்விரக்கத்தைப் பொறுக்க இயலவில்லை. மறுநாட் காலை வீணைக்கு உறையிட்டு வைத்து, “இதனை எடுத்துச் செல்லுங்கள் அம்மா, இனி வேண்டா” என்றேன்.

அம்மையார் உறையின்மேற் கைவைத்தவாறே, “ஐயா, தருமபுரத்திலே பாணர் யாழை முறித்துவிட்டாரா?” என்று வினவினார். என் வகுப்பிற் கேட்டதை என்னிடமே கேட்டார். யான் வாயடைத்துப் போனேன்.

அன்பர்களே, அவ்வரலாறு நீங்கள் அறிந்ததே. காரைக்காலை அடுத்த தருமபுரம், திருநீலகண்ட யாழ்ப்பாணரைப் பெற்ற அன்னையார் பிறந்த ஊர். அங்குள்ள சுற்றத்தார், பாணர் யாழில் இட்டு வாசிப்பதனாலேயே சம்பந்தப் பெருமானின் திருப்பதிகம் சிறந்து பரவுகின்றது என்றனர். பாணர் மனம் நடுங்கி, யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடியருளுமாறு பெருமானை வேண்டினார். பெருமான் பாடியருளினார், யாழில் அது அடங்கவில்லை. பிழைக்கு இக்கருவியே காரணம் என்று பாணர் யாழை உடைக்க ஓங்கினார். பெருமான் தடுத்து, சிந்தைக்கும் எட்டாத இசை செயலில் முற்ற அடங்குமோ, இந்த யாழிற் கூடியவாறே வாசிப்பீராக என்னும் கருத்துப்பட அருளினார். அத்தலத்து இறைவர் யாழ்மூரிநாதர் எனப் பெயர் பெற்றார்.

இதனை அடியேன் எத்தனையோ முறை கூறியிருக்கின்றேன். சம்பந்தப் பெருமானுடைய பெருமைக்குச் சான்றாக மட்டுமே கூறினேன். அதன்பின் பாணர் என் செய்தார் என்று ஒருகாலும் எண்ணியதில்லை. தம் கருவியின் எல்லையை ஊரார் அறிய உணர்ந்த அவர், அதே யாழைத் தோளிற் சுமந்து தலந்தோறும் சென்றார். நல்லூர்ப்பெருமணத்துப் பெருஞ்சோதியிற் கலக்குமளவும் வாசித்தார். அடங்காதது உண்டு என்று அறிந்த பின்னும் அடங்கியமட்டில் வாசித்தாரே, அதுவன்றோ தொண்டு!

பாணர் யாழை உடைக்க ஓங்கியது அடியவர்க்குரிய நாணத்தால். யான் வீணைக்கு உறையிட்டதோ ‘யான் கற்றவன்’ என்னும் செருக்கால். ஆணவம் மேடையில் மட்டும் இருப்பதன்று. மெட்டின்மேல் விழும் விரல்நுனியிலும் இருக்கின்றது. மலபரிபாகம் காலத்தில் நிகழ்வது. அதனை முடுக்க ஒண்ணாது என்று நம் சாத்திரம் கூறும். சரியை முதலிய நான்கையும் அரும்பு, மலர், காய், கனி எனத் தாயுமான சுவாமிகள் உவமித்தார். அரும்பைக் கையால் விரித்தால் மலராகாது, சிதையும். விரலும் அத்தகையதே.

அன்றே உறையை நீக்கினேன். இப்போது எட்டாம் ஆண்டு நடக்கின்றது. அப்பதிகத்தைச் சில நாள் தடையின்றி வாசிக்கின்றேன். சில நாள் தடுமாறுகின்றேன். தடுமாறிய நாளிலும் வீணைக்கு உறையிட்டு மூலையில் ஒதுக்குவதில்லை. உடன் பயின்ற சிறுமி கீர்த்தனைகளை எல்லாம் கடந்து நெடுந்தொலைவு சென்றுவிட்டாள். அவளைக் காண்கையில் இப்போது மகிழ்ச்சியே உண்டாகின்றது.

இவ்வூர்ப் பெரியோர்களே! புதுக்கிய இம்மண்டபத்தில் மாலைதோறும் பண்ணிசை ஒலிக்க வேண்டும். வயது சென்றது என்று விலகாதீர்கள். தாளமோ, குழலோ, வீணையோ, கைக்கு எட்டியதை எடுங்கள். சிறுவர் பக்கத்தில் நாணாது அமருங்கள். முதற்காலத்திலேயே நெடுநாள் நில்லுங்கள். நம் கையில் அடங்கியமட்டில் நாம் வாசிப்போம். அடங்காததை இறைவன் திருச்செவி நிறைத்துக்கொள்ளும்.

திருச்சிற்றம்பலம்.