நிலத்துக்குக் காவல் யார்?

(மாணவர்கள், களப்பணியாளர்கள் கூடிய பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காடு, ஆறு, பறவைன்னு பேச ஆரம்பிச்சாலே நம்ம ஆட்களில் பாதிப் பேர் ‘இது வயிறு நிறைஞ்சவங்க பேச்சு’ன்னு எழுந்து போயிடறாங்க. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கு. ஆனாலும் எழுந்து போகாதீங்கன்னு சொல்லத்தான் வந்திருக்கேன். இயற்கை நிலத்தைக் காப்பாற்ற அமெரிக்காவில் ஒரு வழிமுறை இருக்கிறது. அதை யார் தொடங்கினார்கள், அது எப்படி வேலை செய்கிறது, அதில் நாம் எதை எடுத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கி எறியலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

1891ஆம் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், சார்லஸ் எலியட் என்ற நில வடிவமைப்பாளரின் முயற்சியால் ஒரு சட்டம் நிறைவேறியது. பாஸ்டன் நகரம் வீங்கிக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த காடும் கடற்கரையும் தனியார் வேலிக்குள் போய்க்கொண்டிருந்தன. இந்த நிலங்களை வாங்கி, மக்களுக்காக என்றென்றைக்கும் வைத்திருக்கும் ஓர் அமைப்பு வேண்டும் என்றார் எலியட். அப்படி உருவான அறக்கட்டளை இன்றும் இருக்கிறது. அதே பாணியில் நூற்றுக்கணக்கான அமைப்புகள் பிறந்தன. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி அமெரிக்காவில் இவை காத்திருக்கும் நிலம் 6.1 கோடி ஏக்கர். தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அதே 1891இல்தான் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றிய தன் அறிக்கையை எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் என்று நாம் மேடைதோறும் சொல்கிறோமே, அது அங்கே தொடங்கியது. அந்த ஒப்படைப்புகளிலும் நிபந்தனை உண்டு. பத்து ஆண்டு விற்கக்கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு நிலத்தை மீட்கலாம்.

ரெண்டு காகிதம். ரெண்டும் ‘இந்த நிலம் சந்தைக்குப் போகக்கூடாது’ன்னுதான் சொல்லுது. ஒண்ணு வளர்ந்து நிக்குது. இன்னொன்னைத் தின்னு ஏப்பம் விட்டுட்டாங்க. ஏன்?

அவர்கள் முறையைக் கொஞ்சம் நுணுகிப் பார்க்க வேண்டும். எல்லா நிலத்தையும் அவர்கள் விலைக்கு வாங்குவதில்லை. நிலம் உடையவரிடமே இருக்கும். ‘இதில் மரம் வெட்டி விற்க மாட்டேன், மனை போட மாட்டேன், ஓடையை மறிக்க மாட்டேன்’ என்று அவர் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்வார். இதற்கு ‘கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்’ என்று பெயர். நான் வங்கியில் குமாஸ்தா. வில்லங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். இங்கே ஒருவர் தன் நிலத்துக்குத் தானே வில்லங்கத்தை உண்டாக்கிக் கொடுக்கிறார்! மகன் விற்றாலும், பேரன் விற்றாலும் வில்லங்கம் நிலத்தோடு போகும். நிலம் ஏற்கெனவே அடமானத்தில் இருந்தால், வரிச் சலுகை கிடைப்பதற்குக் கடன் கொடுத்தவரும் ‘என் உரிமை இந்த நிபந்தனைக்குக் கீழ்ப்பட்டது’ என்று எழுதித் தரவேண்டும்.

காகிதத்தோடு வேலை முடிவதில்லை. கையெழுத்தாகும்போதே நிலத்தின் வரைபடம், புகைப்படம், எங்கே ஓடை, எங்கே மரம் எல்லாவற்றையும் பதிவு செய்து வைக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஆள் நேரில் போய் அந்தப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். வேலி நகர்ந்திருக்கா, லாரி போன தடம் இருக்கா என்று பார்க்கிறார். மீறல் இருந்தால் வழக்கு. வழக்குக்குத் தனி நிதி. 2013 முதல் இந்த அறக்கட்டளைகள் தங்களுக்குள் சேர்ந்து வழக்குச் செலவுக்கென்றே ஒரு காப்பீட்டு நிறுவனத்தை நடத்துகின்றன. நல்ல மனசு போதும்னு அவங்க நம்பலை. நிலத்துக்குக் கண்ணு வேணும், கால் வேணும், வக்கீலுக்குப் பணம் வேணும்.

இதைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள். இந்த நிபந்தனையை எழுதிக் கொடுப்பவருக்கு வரிச் சலுகை. அதை வைத்துப் பணக்காரர்கள் கூட்டுச் சேர்ந்து நிலத்தின் மதிப்பை ஊதிக் காட்டி வரி ஏய்த்தார்கள். 2022இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதை நெருக்க வேண்டியிருந்தது. பாதுகாக்கப்பட்ட நிலம் என்றால் எல்லோரும் உள்ளே போகலாம் என்றும் பொருளில்லை. பல இடங்களில் வேலி வேலிதான்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. ‘மக்களுக்காகவும் வனவிலங்குக்காகவும்’ என்கிறார்களே, அந்த மக்கள் யார்?

கலிஃபோர்னியாவின் ரெட்வுட் மரங்கள் உலகிலேயே உயரமானவை. அவற்றைக் காக்க 1918இல் ‘சேவ் தி ரெட்வுட்ஸ் லீக்’ தொடங்கப்பட்டது. நிறுவியவர்களில் ஒருவர் மேடிசன் கிராண்ட். வெள்ளை இனத்துக்குள்ளேயும் வடஐரோப்பியனே உயர்ந்தவன், கலப்பு வந்தால் அழிவு என்று 1916இல் புத்தகம் போட்டவர் இவர். நம்ம ஊர் மனு ஞாபகம் வரலையா? 1906இல் நியூயார்க் உயிரியல் பூங்காவில், ஓடா பெங்கா என்ற காங்கோ நாட்டு மனிதரைக் குரங்குக் கூண்டில் காட்சிக்கு வைத்தார்கள். அந்தப் பூங்காவை நடத்திய சங்கத்தின் செயலாளரும் இதே கிராண்ட்தான். மரத்துக்கு இரக்கம், மனுசனுக்குக் கூண்டு. 2020இல்தான் அந்த லீக் தன் நிறுவனர்களின் இனவெறியை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 2021இல் ரெட்வுட் பூங்கா ஒன்றிலிருந்த கிராண்டின் நினைவுக்கல் அகற்றப்பட்டது.

அந்தக் காடு ஆளில்லாக் காடு இல்லை. சின்கியோன் பழங்குடியினரின் மண் அது. 1850களிலும் 60களிலும் வெள்ளைக் குடியேறிகள் அவர்களைக் கொன்றார்கள், மிஞ்சியவர்களை விரட்டினார்கள். சிறுமியாக அந்தப் படுகொலையில் உயிர் தப்பியவர் சாலி பெல். பிறகு மரக் கம்பெனிகள் வந்தன. 1980களில் சாலி பெல்லின் பெயர் சூட்டப்பட்ட தோப்பை வெட்ட வந்தபோது பழங்குடியினரும் சூழலியலாளர்களும் மறித்தார்கள், நீதிமன்றம் போய் நிறுத்தினார்கள். 1986இல் பழங்குடியினரே ‘இன்டர்டிரைபல் சின்கியோன் வில்டர்னஸ் கவுன்சில்’ என்ற அமைப்பைக் கட்டினார்கள். இன்று அதில் பத்துப் பழங்குடிகள் சேர்ந்திருக்கின்றன. 1997இல் அந்த அமைப்பு 3,845 ஏக்கரை வாங்கியது.

2022 ஜனவரியில் வந்த செய்தி இது. அதே ரெட்வுட்ஸ் லீக், மேடிசன் கிராண்ட் தொடங்கிய அதே லீக், அங்கே தான் வாங்கியிருந்த 523 ஏக்கர் காட்டைப் பழங்குடியினரின் கவுன்சிலுக்கே எழுதிக் கொடுத்தது. சால்மன் மீன் ஏறிவரும் ஓடையும், புள்ளி ஆந்தையும் உள்ள காடு. ‘மீன் ஓடும் இடம்’ என்று பொருள்படும் சின்கியோன் மொழிப் பெயர் அதற்குத் திரும்பி வந்தது. வாங்கிய பணம் ஒரு மின்சாரக் கம்பெனி சூழல் இழப்பை ஈடுகட்டக் கொடுத்தது. இதில் புனிதம் ஒன்றுமில்லை, ஏற்பாடு முக்கியம். உரிமைப் பத்திரம் பழங்குடியினரிடம். வணிகத்துக்கு மரம் வெட்டக் கூடாது, துண்டு போடக் கூடாது என்ற நிபந்தனையைக் கண்காணிக்கும் உரிமை லீக்கிடம். மண்ணுக்கு உரியவன் உள்ளே. காவலுக்கு இரண்டு ஜோடிக் கண்கள்.

இப்போ நம்ம காகிதத்துக்கு வருவோம். பஞ்சமி நிலத்தில் நிபந்தனை இருந்தது. காவல்? நிபந்தனையைக் காக்க வேண்டிய கணக்கப்பிள்ளையும் அதிகாரியும் யார்? நிலத்தை வளைத்தவனின் பங்காளி, சம்பந்தி. திருடன் கையில் சாவி. 1994 அக்டோபர் 10 அன்று, காரணைப் பஞ்சமி நிலத்தைக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். நிபந்தனையை நினைவூட்டியதற்கு அரசு கொடுத்த பதில் அது.

அமெரிக்க அறக்கட்டளையை அப்படியே இங்கே நட்டு வைக்கச் சொல்லவில்லை. அங்கே நிலம் வைத்திருப்பவன் நிபந்தனை எழுதுகிறான். இங்கே நமக்கு எழுதப்பட்ட நிபந்தனையை நாமே காக்க வேண்டியிருக்கு. ஆனா அந்த வருடாந்திர நடை இருக்கே, அதை எடுத்துக்கலாம். ஒவ்வொரு சேரியிலும் இரண்டு மாணவர்கள் போதும். பழைய பதிவேட்டில் ஊரின் பஞ்சமி நிலப் புல எண்களை எடுங்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். நேரில் போய் நாலு எல்லையும் நடந்து பாருங்கள். ஏரி, புறம்போக்கு, மேய்ச்சல் தரை இவற்றையும் சேர்த்துக் குறியுங்கள், நம் ஆடும் மாடும் நாரையும் அங்கேதான் மேய்கின்றன. புகைப்படம் எடுத்துத் தேதி போட்டு நோட்டில் ஒட்டுங்கள். அடுத்த வருடம் அதே மாதம் மறுபடி போங்கள். வழக்குக்கென்று ஊர் ஊராய் உண்டியல் வையுங்கள்.

நோட்டு நம்ம கையில இருக்கட்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு ஊர் நோட்டோட வாங்க.