கூலிக்கு உழைப்பவர் இரு வகையினர்

 

உடுமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் தையற்கடையும் விசைத்தறியும் நடத்துவோர் நம்மில் உண்டு. "என்னிடம் இருப்போர் வேலையாட்கள் அல்லர், கான்ட்ராக்ட்காரர்கள்" என்று சொல்லக் கேட்கிறோம். அந்த ஒரு சொல்லால் உரிமைகள் நீங்கிவிடுமா?

ஹனபி பிக்ஹு நூல்கள் கூலிக்கு உழைப்பவரை இரண்டாகப் பிரிக்கின்றன. குறித்த காலத்திற்குத் தம்மை ஒருவரிடமே ஒப்படைத்தவர் 'அஜீர் காஸ்'; மாதக் கூலிக்கு ஒருவருடைய ஆடுகளை மட்டும் மேய்ப்பவரைப் போல. ஊராருக்கெல்லாம் வேலை செய்பவர் 'அஜீர் முஷ்தரக்'. சாயமிடுபவர், துணி வெளுப்பவர் போல. முன்னவர் வேலைக்கு வந்து நின்றாலே கூலிக்கு உரியவர். முதலாளி வேலை தராவிட்டாலும் சரியே. வரம்பு மீறாதவரை, சேதத்திற்கு ஈடும் தர வேண்டியதில்லை. பின்னவருக்கு வேலையை முடித்தால்தான் கூலி. தம் கைவேலையால் பொருள் கெட்டால் அவரே பொறுப்பு.

நம் பள்ளி மோதினார் முதல் வகை. மைக் பழுதுபார்க்க வருபவர் இரண்டாம் வகை. இதில் யாருக்கும் ஐயமில்லை. ஐயமெல்லாம் பீஸ் ரேட்டில்தான் எழுகிறது.

1973இல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இதையே ஆராய்ந்தது. தையற்காரர்களுக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. அவர்கள் விரும்பிய நேரத்தில் எழுந்து போகலாம். சிலர் துணியை வீட்டிற்கும் கொண்டு சென்றனர். ஆயினும் தையல் இயந்திரங்கள் கடைக்குரியவை. தையல் சரியில்லையெனில் மறுத்து, மீண்டும் தைக்கச் சொல்லும் உரிமை முதலாளிக்கு இருந்தது. ஆகவே அவர்கள் ஊழியரே எனத் தீர்ப்பாயிற்று. 1978இல் ஹுசைன்பாய் வழக்கில், கோழிக்கோட்டுக் கயிற்று ஆலையொன்றில் நடுவே கான்ட்ராக்டர்கள் இருந்தும், ஆலை உரிமையாளரே முதலாளி என்றாயிற்று.

இனி நம் கடைகளைப் பார்ப்போம். காலை எட்டு மணிக்கு வந்தாக வேண்டும். பிறர் துணியைத் தொடக்கூடாது. வேலையில்லாத நாளிலோ, "நீ கான்ட்ராக்ட்" என்று கூலி மறுப்பு. துணி கெட்டால் பிடித்தம். கட்டிப்போடும்போது காஸ், கணக்குப் பார்க்கும்போது முஷ்தரக்! இரு வகையின் ஆதாயத்தையும் ஒருவரே அள்ளிக்கொள்ள பிக்ஹில் வழி காணோம்.

மெய்யாகவே கான்ட்ராக்ட் வேண்டுவோர், நேரத்தை அவர் விருப்பத்திற்கு விட்டு, பிறர் வேலையையும் ஏற்க அனுமதித்து, கூலியை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளட்டும். அப்போதும் சட்டம் என்ன சொல்கிறது என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நலம். இதுவரை பிடித்த தொகையை என்ன செய்வது என்று கேட்போர், கணக்கு நோட்டுடன் அஸருக்குப் பின் என்னிடம் வரலாம்.