சுவரில் படியும் பூனை நாற்றம்



எலித்தொல்லை ஒழிய வேண்டுமென்று லயத்து வீடுகளில் பூனை வளர்க்கிறோம். கடுவன் குட்டி வளர்ந்ததும் அஞ்சடிச் சுவரிலும் அரிசி மூட்டையிலும் சிறுநீரைப் பீய்ச்சத் தொடங்குகிறது. நம்மில் சிலர் அதைச் சாக்கில் கட்டி அடுத்த டிவிஷனில் விட்டு வருகின்றனர். பூனை போனாலும் சுவரில் நாற்றம் போவதில்லை. அதை மோந்த வேறொரு கடுவன் அங்கேயே பீய்ச்சுகிறது.

வாலை நிமிர்த்தி, நின்றபடியே சுவரில் பீய்ச்சுவது, 'இது என் எல்லை' என்று மற்றப் பூனைகளுக்கு அறிவிப்பதாகும். அடித்தால் அச்சம் மிகும், பீய்ச்சுவதும் மிகும். ஐந்து, ஆறு மாத வயதிலேயே கால்நடை மருத்துவரைக் கொண்டு விதையடித்துவிட்டால் பெரும்பாலான கடுவன்கள் இப்பழக்கத்திற்கே வருவதில்லை. செலவு உண்டுதான், பாழாகும் அரிசிக்கும் விலை உண்டு.

குந்தியபடி அடிக்கடி முக்கியும் ஒரு சொட்டும் வராமல் கதறும் கடுவனோ நோயுற்றது. நீர்த்தாரை அடைபட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

இனி, நாற்றத்திற்கு வருவோம். மரப்பால் உறையாதிருக்க நாம் சேர்க்கும் அமோனியாவைக் கொண்டு சுவரைக் கழுவலாகாது. பழைய சிறுநீரிலிருந்து எழுவதும் அமோனியா நெடியே. ஆதலால் பூனை மீண்டும் அவ்விடத்தையே நாடும். குளோராக்ஸ் போன்ற வெளுப்பு நீரை அமோனியாவுடன் சேர்ப்பதோ பேராபத்து. நுரையீரலைத் தாக்கும் நச்சுப்புகை எழும். சிறுநீர் தேங்கிய இடத்தில் வெளுப்பு நீரை ஊற்றினாலும் அத்தகைய புகை எழலாம். காற்றோட்டமில்லாத அறையில், குழந்தைகள் உறங்கும் வீட்டில், இதை எண்ணிப் பாருங்கள்.

வெறும் நீரால் கழுவிய சுவர் மழை நாளில் மறுபடியும் நாறுவது ஏன்? சிறுநீரிலுள்ள யூரிக் அமிலம் நீரில் எளிதில் கரையாத படிகமாகப் பலகையிலும் சிமெண்டு வெடிப்பிலும் தங்கிவிடுகிறது; ஈரம் பட்டதும் நெடி கிளம்புகிறது. செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவம் இதைச் சிதைக்கவல்லது. சிறுநீர் ஊறிய ஆழத்திற்குத் திரவமும் ஊறவேண்டும். ஊற்றியவுடன் துடைத்துவிட்டால் பணம் வீண். அது கிடைக்காவிடில், வினிகரில் சம அளவு நீர் கலந்து கழுவி, வெயிலில் காயவிடலாம், ஓரளவு குறையும்.

இடம் நன்கு காய்ந்தபின் பூனையின் சோற்றுத் தட்டை அங்கேயே வையுங்கள். தான் உண்ணும் இடத்தில் பூனை பெரும்பாலும் பீய்ச்சுவதில்லை.