மாதிரி விமானத்தின் இறக்கை

வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கும். ஆடி, ஆவணி மாதங்களில் ஹாலிஎலை, பதுளைச் சரிவுகளில் அக்காற்று வீசுகின்றது. ஐப்பசிக்குப் பின்னர் வடகீழ்ப் பருவமழை அதே சரிவுகளை நனைக்கின்றது. ஈரத்தில் மரம் பருக்கும்; வறட்சியிற் சுருங்கும். ஆகவே, இப்பகுதியிற் பெரியதோர் இரட்டை இயந்திர மாதிரி விமானத்தைக் கட்ட விழையும் மாணவன், இறக்கைக்குரிய பொருளின் எடையையும் வலிமையையும் மட்டுமன்றி, காலநிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நேயர்களே, விமானத்தின் நீள அகலங்களை இரட்டித்தால் இறக்கையின் பரப்பு 4 மடங்காகும்; அதே பொருளால் அதே முறையிற் கட்டினால் எடையோ 8 மடங்காகும். சிறிய விமானத்தின் அமைப்பை அப்படியே பெருப்பித்தல் பயன் தராமைக்குக் காரணம் இதுவே. அன்றியும், இங்கு இயந்திரங்கள் இரண்டும் இறக்கையிலேயே அமர்கின்றன. பறக்கும்போது அவற்றின் பாரம் இறக்கை மேல்நோக்கி வளைவதைத் தணிக்கும். தரையில் மோதி இறங்கும்போதோ அதே பாரம் இறக்கையைக் கீழ்நோக்கி முறிக்க முயலும். எனவே இறக்கையின் முதுகெலும்பான நெடுஞ்சட்டங்கள், மேலும் கீழுமாக, இரண்டும் உறுதியாயிருத்தல் வேண்டும்.

ஸ்புரூஸ் மரம் இச்சட்டங்களுக்கு ஏற்றது. சட்டங்களுக்கிடையே நிற்கும் தகட்டுக்கும், இறக்கையின் விலா எலும்புகளுக்கும் பால்சா போதும். தகட்டின் மரஇழை நிமிர்ந்து நிற்க வேண்டும். இயந்திரம் பொருந்தும் இடத்துக்குப் பிர்ச் ஒட்டுப்பலகை வேண்டும். தோட்டங்களில் நிழல் தரும் அல்பீசியாவும் இலேசான மரமே. எனினும் பால்சாவைவிடக் கனமானது. ரெஜிபோம் மிக இலேசானது; ஆனால் பெற்றோல் பட்டாற் கரைந்துவிடும்.

ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் வேலை உண்டு என்பதற்கு, 1940 இல் முதன்முதலாகப் பறந்த டி ஹாவிலண்ட் மொஸ்கிட்டோ விமானம் நல்ல சான்று. இரண்டு இயந்திரங்களையுடைய அம்மர விமானத்தின் உடலில், பிர்ச் தகடுகளுக்கிடையே பால்சா வைக்கப்பட்டது. இறக்கையிலோ ஸ்புரூஸ் சட்டங்களும் பிர்ச் பலகைகளும் அமைந்தன. இத்துணைச் சிறந்த விமானமும் 1944 இல் இந்தியாவில் இடருற்றது. சிலவற்றின் இறக்கைகள் குலைந்தன. ஆராய்ந்தபோது, ஒட்டுகள் செவ்வையாகப் பொருந்தாமையும், ஈரம் உட்புகுந்தமையும் புலனாயின.

இதனால் நாம் அறிவது யாது? நல்ல மரம் கிடைத்தாலும், ஒட்டு பிழைத்தால் இறக்கை நிலையாது. வெண்ணிறத் தச்சுப் பசை ஈரத்தில் இளகக்கூடும்; பாரந்தாங்கும் பொருத்துகளுக்கு எப்பொக்சிப் பசை தக்கது. இறக்கையைக் கட்டுமுன் இரண்டு மரத்துண்டுகளை ஒட்டி, நன்கு உலர்ந்தபின் நீரில் ஊறவைத்து, மறுபடியும் காயவைத்து முறித்துப் பார்க்கலாம். மரம் கிழிந்தால் ஒட்டு நன்று. பசைக்கோட்டிலேயே பிரிந்தால் அப்பசையையோ ஒட்டிய முறையையோ மாற்றவேண்டும்.

பத்துக் கிலோகிராம் எடையுள்ள மாதிரி விமானம் வானிலிருந்து வீழ்ந்தால், மைதானத்தில் நிற்கும் சிறுவனின் உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு மரத்துண்டுகளைச் சோதிக்கச் செலவாகும் ஓரிரு நாட்களை எண்ணி எவரும் வருந்த வேண்டியதில்லை.